கண்ணாடித் தகட்டில் விழுந்த விபூதி

“யாருக்கும் தெரியாத ஒரு தப்ப நாமளே போய்ச் சொல்லணுமா, வேணாமா? நீயா இருந்தா என்னம்மா செய்வ?”

கெலாங் பாத்தாவில் எங்கள் அடுக்குமாடியின் கீழே மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டே சுகுமாறன் அங்கிள் இதைக் கேட்டபோது நான் நான்காம் படிவத்தில் இருந்தேன். விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கையில் சோப்பு நுரையோடு பதிலுக்காகக் காத்திருந்தார்.  ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வு எழுதி முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் வீட்டுக்கும் வெளிக்குமாக அலையும் இந்த நாட்களில்தான், அவரிடமும் அவரோடு இருந்தவர்களிடமும் கேட்டுக் கேட்டு நடந்ததை முழுதாகத் தெரிந்துகொண்டேன். இனி அவர் கதை.

சுகுமாறன் பிறந்தது லாயாங் லாயாங்கில். அப்பா தண்டவாளம் பழுதுபார்க்கும் கூட்டத்தில் ஒருவர். படிப்பு ஐந்தாம் படிவத்தோடு நின்றது. இரண்டு மூன்று சில்லறை வேலைகளுக்குப் பிறகு, முப்பது வயதில், இரண்டாம் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூர்த் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தார். கணினிக்கான வன்தட்டு செய்யும் இடம். அவர் வேலை தூசியில்லா அறையில். தலை முதல் கால் வரை வெள்ளை உடை, கண் மட்டும் வெளியே. உள்ளே போகுமுன் நாலு பக்கமும் காற்று அடித்து உடம்பைத் தட்டி எடுக்கும். உட்கார்ந்ததும் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தால், சாப்பாட்டு மணி அடிக்கும்வரை எடுக்கக் கூடாது. நகக்கண் அளவுகூட இல்லாத உலோகத் துண்டுகளில் தூசி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. இப்படிப் பதினேழு வருடம்.

அந்தப் பதினேழு வருடத்தில் அவருக்கு ஒரே ஒரு மனக்குறை. ஆயுத பூஜை வந்தால் கெலாங் பாத்தாவில் லாரிக்காரர் லாரிக்குப் பொட்டு வைப்பார். முடிவெட்டும் கடையில் கத்தரிக்கோலுக்குச் சந்தனம் இருக்கும். பட்டறையில் ஸ்பேனர்களை வரிசையாக வைத்துச் சூடம் காட்டுவார்கள். சுகுமாறன் மட்டும் அன்றும் வெள்ளை உடையை மாட்டிக்கொண்டு, நெற்றியில் இருக்கும் விபூதியையும் வாசலிலேயே துடைத்துவிட்டு உள்ளே போக வேண்டும்.

“பதினேழு வருஷம் சோறு போட்ட மெஷின். ஒரு பொட்டு வெக்க முடியல லா,” என்பார்.

2020 மார்ச் மாதம் எல்லையை மூடினார்கள். அவர் இந்தப் பக்கம் நின்றுவிட்டார். சில மாதங்களில் வேலை போய்விட்டதாகக் கைப்பேசிக்குச் செய்தி வந்தது. அந்த நுண்ணோக்கியை அவர் மறுபடி பார்க்கவேயில்லை.

அடுத்த ஆண்டுதான் இஸ்கந்தர் புத்ரி பக்கம் ஒரு சிறிய கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் ஒப்பந்தம். நேர்காணலில் ஆய்வுக்கூடத் தலைவர் டாக்டர் விஜயேந்திரன் கேட்டது ஒரே கேள்விதான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று தலைமுறையாக அரசாங்க வேலை பார்த்த குடும்பத்துப் பிள்ளை அவர். அளந்து பேசுவார்.

“நுண்ணோக்கியில எவ்வளவு நேரம் தொடர்ந்து பார்ப்பீங்க?”

“நீங்க எழுந்துக்கோன்னு சொல்ற வரைக்கும் டாக்டர்.”

அன்றே எடுத்துக்கொண்டார்.

ஆய்வுக்கூடம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். மூன்றே அறைகள். முதல் அறையில் தொட்டியும் தராசும். இரண்டாவதில் குளிர்பெட்டிகள். மூன்றாவது ஜன்னலில்லாத சின்ன அறை. அதில்தான் நுண்ணோக்கி. விளக்கை அணைத்தால் உள்ளங்கை தெரியாது. குளிரூட்டியின் மெல்லிய இரைச்சலும், கண்ணாடித் தகட்டின் ஓரத்தை ஒட்ட மாணவி பிரவீனா பூசும் நகப்பூச்சின் வாடையும் எப்போதும் இருக்கும். இப்போதும் கடையில் யாராவது நகப்பூச்சு வாங்கினால் சுகுமாறனுக்கு அந்த அறை ஞாபகம்தான் வருகிறதாம். அவர் மனைவி பிரேமலா இதைச் சொல்லிச் சிரிப்பார்.

பிரவீனா முதுகலை மாணவி. குளுவாங்கில் பிறந்த பெண். வாய் ஓயாது. சுகுமாறனுக்கு அந்த ஆய்வு என்னவென்று சொல்லிக் கொடுத்தது அவள்தான். அதுவும் ரொட்டி சானாய் தின்றுகொண்டே.

“டி.என்.ஏ.வ ரொம்பச் சின்னதா வெட்டிட்டா தீக்குச்சி மாதிரி வெறப்பா இருக்கும் அங்கிள். பெப்டைடுங்கிறது புரதத்துல ஒரு குட்டித் துண்டு. ஒண்ணு மைனஸ், ஒண்ணு பிளஸ். ரெண்டையும் உப்புத்தண்ணியில விட்டா ஒண்ண ஒண்ணு புடிச்சிக்கிட்டு, தண்ணியில எண்ணெய் ஒதுங்குற மாதிரி தனியா துளித்துளியா ஒதுங்கிடும்.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதானாவா? அந்தத் துளிக்குள்ள தீக்குச்சியெல்லாம் பெட்டியில அடுக்குன மாதிரி ஒரே பக்கமா படுத்துக்கும். ஆனா துளி ஓடவும் செய்யும். ஓடுறதால திரவம், அடுக்கா இருக்கறதால படிகம். திரவப் படிகம்! உங்க போன் திரையில இருக்கு பாருங்க, அந்த ஜாதி.”

“உப்பு கம்மியாப் போனா?”

“ரொம்ப இறுக்கிப் புடிச்சிக்கும். கட்டி கட்டியா நிக்கும். உப்பு கூடிட்டா புடியே விட்டுடும், எல்லாம் கரைஞ்சிடும். நடுவுல எங்கயோ ஓர் அளவுலதான் துளி. அந்த அளவு உங்க கையில அங்கிள். பார்த்துப் போடுங்க.”

உண்மையில் அது அவர் கையில்தான் இருந்தது. பன்னிரண்டு குழாய்களில் படிப்படியாக உப்பைக் கூட்டிக் கரைசல் தயாரிப்பது அவர் வேலை. அதற்கு அவர் வைத்த பெயர் படிக்கட்டு. ‘இன்னைக்கு எத்தனாவது படி?’ என்று பிரவீனாவும் அப்படியே கேட்கப் பழகிவிட்டாள். துளி ஒழுங்காக அமைந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி இருந்தது. நுண்ணோக்கியில் இரண்டு ஒளிவடிகட்டிகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்தால் உள்ளே எல்லாம் இருண்டுவிடும். வெறும் தண்ணீர் அந்த இருட்டில் தெரியாது. உள்ளே அடுக்கு இருக்கும் பொருள் மட்டும் ஒளிவிடும். நான்கு மாதமாக அவர்கள் அந்த ஒளிக்காகக் காத்திருந்தார்கள். கட்டியாக நின்றது. இல்லையேல் இருட்டாக இருந்தது.

2023 அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது.

“டாக்டர், நம்ம சாமான்களுக்கு ஒரு பொட்டு வெச்சிக்கட்டுமா?”

விஜயேந்திரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “லென்ஸ்ல மட்டும் வெச்சிடாதீங்க சுகுமாறன்.”

லென்ஸில் வைப்பாரா அவர்? பதினேழு வருடம் தூசியை வேட்டையாடிய மனிதர். முதல் நாளே வீட்டில் அரிசிமாவுப் பலகாரமும் கடலையும் சொல்லிவிட்டார். அன்று காலை வெள்ளைத் துணி விரித்து, தராசு, குழாய்த் தாங்கி, உறிஞ்சுகுழல் எல்லாவற்றையும் நுண்ணோக்கிக்கு முன்னால் வரிசையாக வைத்தார். நுண்ணோக்கியின் முதுகில் மூன்று கோடு விபூதி. நடுவில் சந்தனம், குங்குமம். தினம் கையில் புழங்கும் கண்ணாடித் தகடுகளும் ஆயுதம்தானே என்று புதுப் பெட்டி ஒன்றைத் திறந்து அதையும் வரிசையில் வைத்தார். தட்டில் சூடம் ஏற்றிக் காட்டி, மடித்து வந்த காகிதத்திலிருந்து விபூதி எடுத்து எல்லாவற்றின்மேலும் ஒரு சிட்டிகை தூவினார். விஜயேந்திரன் சூடத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிரவீனா கடலையை அள்ளிக்கொண்டாள். அன்று முழுவதும் எதையும் தொடவில்லை. அதுதானே வழக்கம்.

மறுநாள் விஜயதசமி. அன்று தொடங்கும் வேலை நல்லபடியாக நடக்கும் என்பார்கள். சுகுமாறனே பெட்டியை நீட்டினார்.

“பூஜையில வெச்ச தகடும்மா. மொத வேலைய இதுல செய்ங்க.”

பிரவீனா ஏழாம் படியில் கலந்த சொட்டை அந்தத் தகட்டில் வைத்து, மேலே மெல்லிய கண்ணாடி மூடி, ஓரத்துக்கு நகப்பூச்சு போட்டாள். விளக்கை அணைத்தார்கள்.

“அலமாக்!”

பிரவீனா கத்திய அந்தச் சத்தத்துக்கு விஜயேந்திரன் தேநீரை மேசையில் சிந்திவிட்டு ஓடி வந்தார். இருட்டுக்குள் வெள்ளையும் நீலமும் மஞ்சளுமாகப் புள்ளிகள். மோட்டார் விளக்கு பட்டதும் தார்ச்சாலையில் உடைந்த கண்ணாடி பளிச்சிடுமே, அப்படி. மூன்று பேரும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒருவர் பார்க்கும்போது மற்ற இரண்டு பேரும் ‘போதும், எழுந்திருங்க’ என்று அவசரப்படுத்தினார்கள். மேசைக்குப் பின்னால் எப்போதும் விறைப்பாக உட்கார்ந்திருக்கும் விஜயேந்திரன் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

“சாமி குடுத்தது அங்கிள்!” என்றாள் பிரவீனா.

“சாமி குடுக்கல. ஏழாவது படி குடுத்தது,” என்றார் சுகுமாறன். ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு.

அந்தப் பெட்டியிலிருந்து முதலில் எடுத்த ஐந்து தகடுகளில் மூன்றில் ஒளி தெரிந்தது. சரிபார்க்க, விறைப்பில்லாத ஒற்றை இழை டி.என்.ஏ.வை வைத்துப் பார்த்த தகடுகள் இருட்டாகவே இருந்தன. அதற்குள் அடுக்கு வராது என்பது தெரிந்ததுதான், ஆகவே கணக்குச் சரியாக வந்தது. அந்தத் தகடுகள் வேறு பெட்டியிலிருந்து எடுத்தவை என்பதை யாரும் யோசிக்கவில்லை. சூடாக்கிப் பார்க்கும் மேடை பழுதுக்குப் போயிருந்தது. வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்றார் விஜயேந்திரன். நவம்பர் இருபது வாக்கில் கோலாலம்பூரில் ஒரு மாநாடு. பிரவீனா அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டுச் சுவரொட்டி தயாரித்தாள். அந்த மூன்று வாரமும் ஆய்வுக்கூடம் கல்யாண வீடு மாதிரி இருந்தது என்கிறார் சுகுமாறன். தீபாவளிக்கு விஜயேந்திரன் முறுக்கு கொண்டுவந்தார். அவர் கையால் ஒன்று வாங்கித் தின்றதை இப்போதும் சொல்வார்.

தீபாவளி முடிந்து வேலைக்கு வந்த முதல் நாள். தகடுகள் தீர்ந்துபோன பெட்டியைத் தூக்கியெறியுமுன், பழக்கதோஷம், உள்ளே விரலை விட்டுத் துடைத்தார். மூலையில் வெள்ளைப் பொடி ஒட்டியது. மூக்கருகே கொண்டுபோனார். சந்தன வாசனை.

நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து, யாரும் இல்லாத அந்தச் சின்ன அறைக்குப் போய், புதிய தகடு ஒன்றைக் கழுவித் துடைத்து, அந்தப் பொடியைத் தண்ணீர்ச் சொட்டில் கலந்து வைத்தார். டி.என்.ஏ. இல்லை, பெப்டைடு இல்லை. விளக்கை அணைத்துக் கண்ணை வைத்தார்.

வெள்ளை, நீலம், மஞ்சள். அதே ஒளி.

மாநாட்டுக்கு இன்னும் ஆறு நாள். சுவரொட்டி அச்சாகி, சுருட்டிய குழாயில் பிரவீனாவின் மேசைமேல் நின்றது. அடுத்த ஆண்டுக்கான அவருடைய ஒப்பந்தத் தாள் விஜயேந்திரனின் மேசையில் கையெழுத்துக்காகக் கிடந்தது. இரண்டுக்கும் நடுவே பொடி ஒட்டிய விரலோடு அவர் நின்றார். ஐம்பத்தொரு வயது. இந்த வேலை போனால் மறுபடி எங்கே போய் நிற்பது? சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? பெட்டி குப்பைக்குப் போய்விடும். அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம்தான் மோட்டாரைக் கழுவிக்கொண்டே என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த மோட்டாரை.

மேலே போனதும் பிரேமலா முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

“என்னங்க, டாக்டர் கையெழுத்துப் போடலையா?”

அவர் எல்லாவற்றையும் சொன்னார். பிரேமலா கேட்டுக்கொண்டே இடியாப்பத் தட்டை இறக்கினார்.

“சாமி கும்புட்டது ஒரு தப்பா?”

“கும்புட்டது தப்பில்ல. பெட்டியத் தொறந்து வெச்சதுதான் தப்பு.”

“நீங்க சொல்லலன்னா யாருக்காச்சும் சீக்கு வருமா? கட்டடம் இடிஞ்சி விழுமா?”

“விழாது.”

“அப்புறம் என்ன லா? ஜனவரி தாண்டட்டும். வேல உறுதியானதுக்கு அப்புறம் சொல்லிக்கலாம்.”

சுகுமாறன் இடியாப்பத்தைப் பிசைந்தாரே தவிர வாயில் வைக்கவில்லை. “அதுக்குள்ள அந்தப் புள்ள அத்தன படிச்சவங்களுக்கு முன்னால நின்னு, துன்னூறக் காட்டி, இதான் திரவப் படிகம்னு பேசிடும் பிரேமா. நாளைக்கு எவனாச்சும் அதையே செஞ்சி பார்த்து, வரலையேன்னு கேட்டா? அது என்ன சொல்லும்? அதுக்கே தெரியாது ஏன்னு.”

 பிரேமலா தேங்காய்ப்பூவை அவர் தட்டில் வைத்தார்.

“சொல்றதுன்னா வெறும் வயித்தோட போய்ச் சொல்லாதீங்க. காலையில பசியாறிட்டுப் போங்க.”

காலையில் பிரவீனா தாளில் மடித்த நாசி லெமாக்கைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“அங்கிள், பசியாறிட்டீங்களா? ஏன் இப்படிப் பார்க்கறீங்க? என் சோத்துல கண்ணு வெக்காதீங்க.”

அவர் காலிப் பெட்டியை அவள் முன்னால் வைத்தார். “உள்ள விரல விட்டுப் பாரும்மா.”

அவள் விட்டுப் பார்த்தாள். “என்ன மாவா?”

“துன்னூறு. ஆயுத பூஜையில நான் தூவுனது. நேத்து இத மட்டும் வெச்சிப் பார்த்தேன். உங்க போஸ்டர்ல இருக்கற மாதிரியே மின்னுது.”

“விளையாடாதீங்க அங்கிள்.” சிரித்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. “அங்கிள்... அது விபூதியா? நான் டாக்டர்கிட்ட, எங்க அம்மாகிட்ட, எல்லார்கிட்டயும்...” எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். திரும்பினாள். “பதினேழு வருஷம் தூசி பார்த்தேன், பதினேழு வருஷம் தூசி பார்த்தேன்னு சொல்வீங்களே!”

 அவள் சொன்னதில் பொய் இல்லை.

ஐந்து நிமிடம் கழித்து அவளே வந்தாள். கண் சிவந்திருந்தது. பழுதுபார்த்து வந்த சூடாக்கும் மேடை இன்னும் பெட்டிக்குள் இருந்தது. “அதை எடுங்க. எனக்கு நிச்சயமாத் தெரியணும்.”

விஜயதசமியன்று செய்த முதல் தகட்டை நகப்பூச்சோடு குளிர்பெட்டியில் வைத்திருந்தாள். அதை மேடையில் வைத்தார்கள். டி.என்.ஏ. சூட்டில் இரண்டு இழையாகப் பிரிந்துவிடும். பிரிந்தால் விறைப்பு போய்விடும், அடுக்கு குலையும், ஒளி அணையும். ஐம்பது டிகிரி. அறுபது. எழுபது. பளிச்சிட்ட புள்ளிகள் அப்படியே பளிச்சிட்டன. எண்பது வைத்தாள். ஒன்றுகூட மங்கவில்லை.

“சாம்பலைச் சூடாக்குனா என்னம்மா ஆகும்?” என்றார் சுகுமாறன் மெதுவாக. “அதுதான் ஏற்கெனவே எரிஞ்சதாச்சே.”

பிரவீனா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். “நான் டாக்டர்கிட்ட போறேன். அணைச்சிட்டு வாங்க.”

சூட்டை அணைத்தார். நுண்ணோக்கியின் விளக்கையும் அணைக்கக் கை போனது. ஆனால் பதினேழு வருடப் பழக்கம், மணி அடிக்காமல் கண்ணை எடுக்க மனம் வரவில்லை. தகட்டை மெல்ல நகர்த்திப் பார்த்தார். விபூதி விழாத ஒரு மூலை. அங்கே வெறும் இருட்டு. சூடு எண்பதிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. அறுபதுக்குக் கீழே வந்தபோது அந்த இருட்டில் ஏதோ மிக மங்கலாகத் தெரிந்தது. பிரமையோ என்று கண்ணை மூடித் திறந்தார். நான்கு துளிகள். இல்லை, ஐந்து. விபூதியின் பளபளப்புக்கு முன்னால் இதை யார் பார்ப்பார்கள்?

“பிரவீனா! பிரவீனா! டாக்டர்கிட்ட போகாதீங்க, இங்க வாங்க!”

அவள் பார்த்தாள். சூட்டை ஏற்றினாள். துளிகள் அணைந்தன. இறக்கினாள். மெல்ல ஒளி வந்தது. மூன்றாம் முறை ஒளி வந்தபோது இரண்டு துளிகள் ஒன்றையொன்று தொட்டு, ஒன்றாகி, பெரிய துளியாக உருண்டன. உள்ளே இருந்த வெளிச்சக் கோடுகள் இடம் மாறிப் புதிதாகப் படுத்துக்கொண்டன.

“சாம்பல் இப்படிச் சேராது அங்கிள்,” என்றாள். 

அதை வைத்து மாநாட்டில் பேசிவிட முடியாது. விபூதி கலந்த தகட்டில் கண்ட ஐந்து துளியை யாரும் ஏற்கமாட்டார்கள், ஏற்கவும் கூடாது. இரண்டு பேரும் போய் விஜயேந்திரனிடம் சொன்னார்கள். அவர் முழுதும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உடனே தொலைபேசியை எடுத்து மாநாட்டுக்காரர்களிடம் தங்கள் சுவரொட்டி வராது என்று சொல்லிவிட்டார். பிறகு சுகுமாறனைப் பார்த்தார்.

“அன்னைக்குப் பெட்டி தொறந்திருந்தத நானும்தான் பார்த்தேன். சூடத்தைக் கண்ணுல ஒத்திக்கிட்டுச் சும்மா நின்னேன். நீங்க மட்டும் தப்புப் பண்ணலை.”

ஒப்பந்தத் தாளில் அவர் அன்றே கையெழுத்துப் போட்டார். ஆனால் நடந்ததைக் கல்லூரி அலுவலகத்துக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. எழுதினார். இரண்டு வாரம் கழித்து, அடுத்த ஆண்டுக்கு அந்தப் பதவி இல்லை என்று பதில் வந்தது. விஜயேந்திரன் இரண்டு முறை நேரில் போய்ப் பேசினார். சுகுமாறன் தனக்காக மூன்றாம் முறை போக வேண்டாம் என்றார்.

பிரவீனா சில நாள் அவரோடு வேலைப் பேச்சு மட்டும்தான் பேசினாள். பிறகு ஒரு காலை, “இன்னைக்கு எத்தனாவது படி அங்கிள்?” என்றாள். அந்தக் கேள்வி திரும்பியதும்தான் தனக்கு மூச்சு சீராக வந்தது என்கிறார்.

எல்லோரும் நினைப்பார்கள், அந்தப் பளபளப்பான மூன்று வாரம்தான் அவருக்கு இனிய நினைவு என்று. இல்லை. வேலை போகப்போகிறது என்று தெரிந்த பிறகு கிடைத்த அந்தக் கடைசி நான்கு வாரம்தான். ஒவ்வொரு தகட்டையும் தானே கழுவி, இருட்டில் வைத்துப் பார்த்து, ஒன்றும் மின்னவில்லை என்று உறுதி செய்த பிறகே பிரவீனாவிடம் கொடுத்தார். ஆறாம் படிக்கும் ஏழாம் படிக்கும் நடுவே உப்பை அணு அணுவாகக் கூட்டி ஐந்து புதிய படிகள் கட்டினார். வீணான சுவரொட்டியைப் பிரவீனா புரட்டிப் போட்டு மேசை விரிப்பாக்கினாள். அதன் வெள்ளை முதுகில் அவர்கள் அளவுகளைக் கிறுக்கினார்கள். மத்தியானங்களில் வெளியே மழை கொட்டும். உள்ளே இரண்டு பேரும் இருட்டில் உட்கார்ந்து, துளி அணைவதையும் எரிவதையும் எண்ணுவார்கள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன் நான்கு சுத்தமான தகடுகளில், ஒன்றில்கூடத் தவறாமல், அந்த மங்கல் ஒளி வந்தது. யாரும் கத்தவில்லை. விஜயேந்திரன் வந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

“படம் ரொம்ப மங்கலா இருக்கே டாக்டர்,” என்றாள் பிரவீனா.

“இருக்கட்டும்,” என்றார் அவர்.

டிசம்பர் கடைசி வெள்ளிக்கிழமை சுகுமாறன் அறைச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தார். இப்போது மறுபடி இரண்டாம் பாலத்தைத் தாண்டி, துவாஸ் பக்கம் ஒரு கிடங்கில் பெட்டி ஏற்றும் வேலை. அங்கே நுண்ணோக்கி இல்லை. ‘என்ன அங்கிள், அந்த இடம் ஞாபகம் வருமா?’ என்று போன வாரம் கேட்டேன். “எந்த நாள்ல வரல?” என்றார். பிறகு அந்த இரண்டு துளி ஒன்று சேர்ந்ததைக் கையாலேயே செய்து காட்டினார். இரண்டு கட்டைவிரலை ஒட்டி, மெல்ல உருட்டி.

கெலாங் பாத்தாவில் இந்தக் கதை ஏற்கெனவே சுற்றுகிறது. ஒட்டுக்கடையில் அவர் குடிக்கத் தே தாரேக் கேட்டால், “அண்ணே, கொஞ்சம் துன்னூறு தூவவா? டி.என்.ஏ. வருதான்னு பார்ப்போம்,” என்கிறார்கள். அவரும் சேர்ந்து சிரிக்கிறார். நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் கடையில் சொல்லும் கதை, விபூதி மின்னிய இடத்தோடு முடிந்துவிடுகிறது. சாமி கும்பிட்டு ஏமாந்த ஓர் ஆளின் கதையாக அது ஊரில் நிற்கிறது. அவர் காலிப் பெட்டியை எடுத்துக்கொண்டு, காலையில் பசியாறிவிட்டு, தானே போய்ச் சொன்னது அதில் இல்லை. அந்த மங்கலான துளிகளும் இல்லை.

இதைப் படிக்கும் நீங்கள் தயவுசெய்து யாருக்காவது சொல்லுங்கள். ஆய்வுக்கூடத்தில் இருப்பவரோ, தொழிற்சாலையில் இருப்பவரோ, அடுத்த வீட்டுக்காரரோ, யாராக இருந்தாலும் சரி. விபூதி வரும் இடத்தில் அவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அங்கே நிறுத்திவிடாமல் மீதியையும் சொல்லி முடியுங்கள்.